சிறு செயற்கைக்கோள்களும் கடலூர் – சிதம்பரம் கடற்கரையும்: சுற்றுப்பாதை, தரை நிலையம், பயன்

பொதுவாக 500 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவை சிறு செயற்கைக்கோள்கள் எனப்படும். அவற்றுள் 10 கிலோவுக்கு உட்பட்டவை நானோ வகை. 1999இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பாலிடெக்னிக், ஸ்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்கள் வகுத்த கியூப்சாட் அளவுத்திட்டம், பக்கத்துக்கு 10 செ.மீ. கொண்ட கனசதுரத்தை ஓர் அலகாக வைத்தது. அதன்பின் செயற்கைக்கோள் செய்வது கல்லூரி ஆய்வகங்களுக்கும் எட்டும் வேலையாயிற்று. தகவல்தொடர்பும் அறிவியல் சோதனையும் இக்கோள்களின் இரு முதன்மைப் பணிகள். இவற்றால் கடலூர் – சிதம்பரம் கடற்கரைக்கு என்ன பயன், அதற்கு எந்தச் சுற்றுப்பாதை ஏற்றது, தரையில் என்ன வேண்டும் என்பன இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

தமிழ்நாட்டின் முயற்சிகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. எடை சுமார் 40 கிலோ. உயரம் ஏறத்தாழ 550 கி.மீ.; நிலநடுக்கோட்டுக்குச் சாய்வு 41 பாகை. ஓரிடத்தில் பெற்ற செய்தியை நினைவகத்தில் வைத்திருந்து வேறோர் இடத்துக்கு மேலே வரும்போது இறக்கித் தருவது அதன் முதன்மைப் பணி. மூன்றாண்டுகள் சுற்றியபின் 2012 ஏப்ரலில் அது வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட், 2011 அக்டோபர் 12 அன்று மேகா-டிராபிக்ஸ் கோளுடன் பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில் சென்றது. பசுங்குடில் வாயுக்களை நிறமாலைமானியால் அளப்பது அதன் நோக்கம். 2016 ஜூன் 22 அன்று 1.5 கிலோ எடையுள்ள சத்தியபாமாசாட்டும், 2017 ஜூன் 23 அன்று குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ நியுசாட்டும் ஏவப்பட்டன. சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் 75 பள்ளிகளின் 750 மாணவியர் பங்கேற்ற ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் தோல்வியுற்றதால் பயன்படவில்லை. ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று 450 கி.மீ. உயரப் பாதையை அடைந்தது. குறைந்த மின்திறனில் நெடுந்தொலைவு செல்லும் லோரா வானொலிக் கருவி அதில் இருந்தது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் எடையாலும் 'முதல்' என்னும் பெருமையாலுமே பேசப்பட்டன. தரைக்கு வந்து சேர்ந்த தரவு எவ்வளவு, அதைப் பயன்படுத்தியவர் யார் என்பவையே பொருத்தமான அளவுகோல்கள். அந்த அளவுகோல்களின் விடை சுற்றுப்பாதையையும் தரை நிலையத்தையும் பொறுத்தது.

சுற்றுப்பாதையின் கணக்கு

550 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 96 நிமிடங்கள் ஆகும். அவ்வுயரத்திலிருந்து சுமார் 2,500 கி.மீ. ஆரமுள்ள வட்டம் கோளின் பார்வைக்குள் வரும். நேர் தலைக்கு மேலே கடந்தாலும் 12 நிமிடங்களுக்கு மேல் தொடர்பு கிடைக்காது. துருவப் பாதையில் செல்லும் கோளை 11.4 பாகை வடக்கில் உள்ள சிதம்பரத்திலிருந்து நாளுக்கு நான்கு முறை அளவிலேயே பிடிக்கலாம். அந்த நான்கும் இரண்டிரண்டாக வரும். இடையில் பத்து மணி நேரம் வரை வானம் வெறுமையாக இருக்கும். 20 பாகை சாய்வில் சுற்றும் கோளோ, அதே உயரத்தில் நாளுக்கு எட்டு முதல் பத்து முறை தென்படும். எஸ்.ஆர்.எம்.சாட் சென்றது இத்தகைய பாதையில்தான். ஆனால் அதன் உயரம் சுமார் 867 கி.மீ.; அங்கே காற்றின் இழுவை மிகக் குறைவு. பணி முடிந்த கோள் பல பத்தாண்டுகள் விண்குப்பையாகத் தங்கிவிடும். ஆகவே இக்கரைக்கு ஏற்றது தாழ்ந்த சாய்வும் 500 முதல் 550 கி.மீ. உயரமும் கொண்ட பாதை.

மின்திறனும் தரவும்

ஓர் அலகு கியூப்சாட்டின் ஒரு முகத்தில் முழு வெயில் பட்டால் கிடைப்பது 3 வாட் அளவே. நிழலில் கழியும் நேரத்தைச் சேர்த்தால் சராசரி 2 வாட்டுக்குள் அடங்கும். நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் 12 நிமிடங்களில் ஏறக்குறைய 1,08,000 பைட் இறக்கலாம். கடற்கரையிலோ கடலிலோ வைக்கும் ஒரு கருவியின் ஓர் அளவீடு 32 பைட் என்று கொண்டால், 100 கருவிகள் மணிக்கு ஒருமுறை எடுக்கும் ஒரு நாள் அளவீடுகள் 76,800 பைட். காணொளிக்கும் படத்துக்கும் இவ்வழி போதாது. நீர்மட்டம், உப்புத்தன்மை, காற்றழுத்தம் போன்ற எண்களுக்கு ஒரே ஒரு நல்ல கடப்பு தாராளம்.

கடற்கரையின் தேவை

கடலூர் மாவட்டம் 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2015 பெருவெள்ளத்தையும் கண்டது. தானேவுக்குப் பின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. மின்சாரம் போனால் செல்போன் கோபுரங்களும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தேவனாம்பட்டினத்திலிருந்தும் முடசல்ஓடையிலிருந்தும் புறப்படும் படகுகள் கரையை விட்டு விலகியதும் செல்போன் எல்லையைக் கடந்துவிடுகின்றன.

இதற்குப் புவிநிலைக் கோள்களே போதும் என்ற மறுப்பு எழலாம். அதில் நியாயம் உண்டு. மீன்பிடிப் படகுகளில் புவிநிலைக் கோள் வழி இயங்கும் இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் நாடு தழுவிய திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது; ஒரு லட்சம் படகுகள் அதன் இலக்கு. படகுச் செய்திக்குச் சிறு கோள் போட்டியிட வேண்டியதில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலோ வெள்ளாற்று முகத்துவாரத்திலோ வைக்கும் கருவிக்கும் சாதாரண நாளில் தரைவழி வானொலியே மலிவு. சிறு கோளுக்கு உரிய இடம் இரண்டு: கரையின் வானொலி எட்டாத தொலைவில் மிதக்கும் சிறு அளவீட்டு மிதவைகள், புயலுக்குப் பின் கோபுரங்கள் செயலிழந்த நாள்கள். 36,000 கி.மீ. உயரப் புவிநிலைக் கோளை எட்டத் தேவையான ஆற்றல் சிறிய மின்கலத்தில் இயங்கும் மிதவைக்குப் பெருஞ்சுமை. தாழ்பாதைக் கோளுக்கு லோரா போன்ற குறைதிறன் கருவியே போதும். அதே கருவி மற்ற நாள்களில் கரையிலுள்ள நிலையத்துடனும் பேசும்.

தரை நிலையம்

தரை நிலையத்துக்கு வேண்டியவை மொட்டை மாடியில் ஒரு யாகி ஆண்டெனா, அதைக் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்பும் மோட்டார்கள், மெல்லிய சைகையைப் பெருக்கும் முன்பெருக்கி, மென்பொருள் வானொலி இணைத்த ஒரு கணினி. 435 மெகாஹெர்ட்ஸில் பேசும் கோள் தொடுவானில் எழும்போது, அதன் வேகத்தால் அதிர்வெண் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் கூடித் தெரியும். கோள் மிக அருகில் வரும் கணத்தில் அது உண்மை அளவுக்கு இறங்கும். விலகும்போது அதே அளவு குறையும். பாதைத் தரவைக் கொண்டு கணினி இதை நொடிக்கு நொடி திருத்தாவிட்டால் செய்தி உடைந்துபோகும். இதைக் கற்க மாணவர் சொந்தக் கோளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2005 மே 5 அன்று ஏவப்பட்ட 42.5 கிலோ ஹாம்சாட், 2014 வரை உலகெங்கும் உள்ள தன்னார்வ (ஹாம்) வானொலியாளர்களுக்குப் பயன்பட்டது. இன்றும் பல ஹாம் கோள்கள் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டுப் பழகலாம். அனுப்புவதற்கு உரிமம் வேண்டும்.

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் பொறியியல் புலத்தையும், வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையத்தையும் கொண்டது. கருவி செய்வோரும் அதன் அளவீடுகளை வேண்டுவோரும் ஒரே நிறுவனத்துக்குள் இருப்பது பெரும் வாய்ப்பு. அளவீடு வேண்டுவோர் முதலில் பட்டியலிட, கருவியும் நிலையமும் அடுத்து அமைய, கோள் இறுதியில் வருவதே சரியான வரிசை. கோளே கூடச் சொந்தமாக இருக்கத் தேவையில்லை. பிற நிறுவனங்களின் கோளில் ஒரு லோரா கருவிக்கு இடம் பெற்றால் போதும்.

கடலூர் – சிதம்பரம் பகுதியில் சிறு செயற்கைக்கோளுக்கென ஒதுக்கும் முதல் தொகை தரை நிலையத்துக்கும் மிதவைகளுக்கும் செல்வதே தக்கது. அவை ஓராண்டு பழுதின்றி இயங்கிய பிறகே, தாழ்ந்த சாய்வுப் பாதையில் தனிக் கோள் ஒன்றைக் கோருவதற்கு வலுவான காரணம் கிடைக்கும்.