மைசூர் ஏவுகணையும் அதிர்வலைக் கணக்கும்

மைசூர்ச் சீமையில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாரில் சீரங்கப்பட்டணத்துக் கோட்டையைப் பார்க்காதவர் இருக்கமாட்டார். 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர், திப்பு படைகள் ஆங்கிலேயரை முறியடித்தபோது, இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்த ஏவுகணைகள் சீறிப் பாய்ந்தன. ஆக, அந்தக் கதையில் நம் தொண்டை நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. 1799-ல் பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அங்கே காங்கிரீவ் என்பார் சோதித்து, அளந்து, எழுதிவைத்தார். பெயர் அவருக்குப் போயிற்று!

இவ்வரலாற்றை 1985-ல் ஆராய்ந்து எழுதியவர் ரொத்தம் நரசிம்மா (1933–2020). 1953-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். சரித்திரம் அவருக்கு உபதொழில்தான். காற்றோட்டக் கணக்கே முதல் தொழில்.

ஒலியை மிஞ்சி ஒரு பொருள் போனால், முன்னே உள்ள காற்றுக்கு விலக நேரம் கிடைக்காது. அது ஒரு மெல்லிய சுவர்போல் நெருங்கி நிற்கும். இதுவே அதிர்வலை. ஒலியின் 5 மடங்கு வேகத்தில், எளிய கணக்குப்படி, அலைக்குப் பின்னே அழுத்தம் 29 மடங்கு, அடர்த்தி 5 மடங்கு, வெப்பநிலை (கெல்வின் அளவில்) 5.8 மடங்கு ஆகிவிடும். கடைக்காரன் பாஷையில் சொன்னா, இது ஐந்தொகை மாதிரி. பொருண்மை, உந்தம், ஆற்றல் மூன்றும் அலைக்கு முன்னும் பின்னும் சரிக்கட்ட வேண்டும். ஆனால் ஐந்தொகையைப் பார்த்து நடுவில் நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்ல முடியுமா? அதற்குப் பேரேட்டையே புரட்ட வேண்டும்.

அந்தப் பேரேட்டைக் கணிப்பொறியால் புரட்டியவர்களில் நரசிம்மாவும் ஒருவர். 1962-ல் அமெரிக்காவில் லீப்மன், சாஹின் ஆகியோருடன் அதிர்வலையின் உள்ளமைப்பை மூலக்கூறு நிலையிலிருந்து எண்ணிக் காட்டினார். அலையின் பின்புறம், அழுத்தம் மிகுந்த பகுதியில், வழக்கமான பாய்மச் சமன்பாடுகள் பொருந்துகின்றன. வலுத்த அலையில் முன்புறம்தான் பிசகுகின்றன என்று தெரிந்தது.

பிறகு பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இயக்குநரானார். இத்தகைய கணக்குகளுக்கு அசுரக் கணிப்பொறி வேண்டும். வெளிநாட்டில் வாங்குவதோ பெரும்பாடு. எனவே பல செயலிகளை இணைத்து, 1986-ல் 'ஃப்ளோசால்வர்' என்னும் இணைக் கணிப்பொறியை அங்கேயே உருவாக்கினார்கள்.

ஏவுகணை செய்த நம் கம்மியருக்குக் கைத்திறமைக்குக் குறைவில்லை. அளந்து எழுதிவைக்கும் வழக்கம்தான் இல்லாமல் போயிற்று. கணிப்பொறி படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். எழுதாத கணக்கு கைமாறிப் போகும் என்பது வியாபாரத்துக்கு மட்டுமான பாடமல்ல.