தண்ணீருக்கடியில் எட்டாத ஜி.பி.எஸ்.

"ஜி.பி.எஸ். கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் குதித்தால், அடியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியுமா சார்?" போன சந்திப்பின்போது இயற்பியல் துறை மாணவர் ஒருவர் கேட்டார். "தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிப் பதில் போதாது என்று அப்புறம்தான் தோன்றியது. அதன் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காரணம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வானொலி அலையின் நீளம் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே இந்த அலை கடலுக்குள் ஒரு சாண் ஆழம்கூடப் போவதில்லை. தலை மூழ்கியதும் தொடர்பு அறுந்துவிடும். அப்படியானால் ஸ்கூபா மூழ்குநருக்கு ஜி.பி.எஸ். எதற்கு? எந்த இடத்தில் குதிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். கடலில் வேலியும் கிடையாது, மைல்கல்லும் கிடையாது. நேற்று பார்த்த இடத்துக்கு இன்று திரும்பிப் போவதே பெரும்பாடு.

இந்தப் பாடு நம்ம ஊருக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், ஸ்கூபா என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மூச்சடக்கிக் குளித்து வந்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தொள்ளாயிரம் பார் போன்ற ஒரு பாரின் மேல் தோணியை நிறுத்த வேண்டுமே! கரையில் கோயில் கோபுரமோ, மாதா கோயிலோ, ஒற்றைப் பனையோ ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி ஒரு குறி பார்ப்பார்கள். வேறு பக்கமாக இன்னொரு குறி. இரண்டு கோடும் வெட்டுமிடம்தான் பார். கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை இறக்கி எத்தனை பாகம் என்று அளந்தால் சந்தேகம் தீரும். கல்லூரியில் முக்கோணவியல் படித்த நாம் இதை மரியாதையோடு பார்க்க வேண்டும். 1961-ல் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

வானத்துக் குறி பிறந்தது 1957 அக்டோபர் 4-க்குப் பிறகு. ஸ்புட்னிக்கின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த கையர், வைஃபென்பாக் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், அதன் அதிர்வெண் மாறுவதை வைத்து (நாம் ஆய்வுக்கூடத்தில் படித்த அதே டாப்ளர் விளைவுதான்) அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். கோள் இருக்குமிடம் தெரிந்தால் தரையில் கேட்பவன் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர் மெக்க்ளூர். அப்படி வந்ததுதான் டிரான்ஸிட். வேடிக்கை என்னவென்றால், அது முதலில் உருவானதே நீருக்கடியில் போகிறவர்களுக்காக, அதாவது பொலாரிஸ் ஏவுகணை சுமந்த நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக. அவையும் ஆண்டெனாவை மேலே நீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது!

முதல் ஜி.பி.எஸ். கோள் 1978-ல் போனது. 1983 செப்டம்பர் 1-ல் வழி தவறிய கொரிய விமானம் சுடப்பட்டு 269 பேர் இறந்தபின், பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனாலும் சிவிலியன்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தவறும். கப்பலுக்கு இது பெரிதல்ல. மூழ்குநருக்கோ? கலங்கலில் சுற்றிலும் 5 மீட்டர்தான் கண் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டம் அவர் பார்க்கும் வட்டத்தைப்போல் 400 மடங்கு. பிழை 10 மீட்டரானால் வெறும் 4 மடங்கு. 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நீக்கியபோது நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதுவரை அமெரிக்கக் கரையோர மீனவர்களும் மூழ்குநர்களும் லோரான் என்ற பழைய தரைவழி வானொலி முறையை விடவில்லை. முன்பு குறித்த இடத்துக்குத் திரும்பி வர அதுவே மேல். புதியது வந்துவிட்டால் பழையது உடனே மட்டமாகிவிடும் என்று நினைக்கிறோம், பாருங்கள்.

லோரான் எண்களை அங்கே சொத்து மாதிரி பூட்டி வைப்பார்கள். 1991-ல் ஒரு மீன்பிடிப் படகுத் தலைவரிடமிருந்து பில் நேகலுக்கு அப்படி ஓர் எண் கிடைத்தது. நியூஜெர்சிக் கரையிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தூரம், 70 மீட்டர் ஆழம். ஜான் சாட்டர்டன் இறங்கிப் பார்த்தால், யாருமே அறியாத ஜெர்மன் நீர்மூழ்கி! அதன் பெயர் தெரிய ஆறு வருஷம் ஆயிற்று. 1997-ல் மேலே கொண்டுவந்த ஓர் உதிரிப்பாகப் பெட்டியின் தகட்டில் யு-869 என்றிருந்தது. ஜிப்ரால்டர் பக்கம் மூழ்கியதாகப் பதிவேடுகள் சொன்ன கப்பல் அது. அதில் 56 பேர் மாண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த ஆறு வருஷத்தில் மூன்று மூழ்குநர்களும் போய்விட்டார்கள். 1991-ல் ஸ்டீவ் ஃபெல்ட்மன். 1992-ல் கிறிஸ் ரௌஸும் அவர் மகன் கிறிஸ்ஸியும். இடிபாட்டுக்குள் சிக்கிய மகனைத் தந்தை மீட்டார். வெளியே வந்தபின், திரும்பும் வழிக்காக வைத்துவிட்டுப் போன சிலிண்டர்களெல்லாம் இருவருக்கும் அகப்படவில்லை. இடையில் நின்று நின்று ஏற வேண்டியவர்கள் நேராக மேலே வந்தார்கள். அந்த ஏற்றமே இருவர் உயிரையும் குடித்தது. அட்லாண்டிக்கில் அந்தப் புள்ளியைக் காட்டிக்கொடுத்த எண், கடைசிச் சில கெஜ தூரத்துக்கு உதவவில்லை. அங்கே கைத் திசைகாட்டியும் வழிக்கயிறும்தான் துணை.

இடம் சரியாகத் தெரிந்தும் ஆளைக் கோட்டைவிட்ட கதையும் உண்டு. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் டாம், ஐலீன் லோனர்கன் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. தலை எண்ணியதில் தப்பு. இரண்டு நாள் கழித்து அவர்கள் பை படகிலேயே கிடப்பதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உடல்கள் கிடைக்கவேயில்லை. அரை நாட் வேக நீரோட்டம்கூட இரண்டு நாளில் ஒருவரை 40 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். இப்போது அழுத்தம் தாங்கும் உறைக்குள் ஜி.பி.எஸ்-ஸும் வானொலியும் சேர்ந்த சிறு கருவிகள் வந்துவிட்டன. மேலே வந்து மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால், மிதப்பவர் இருக்குமிடம் அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்குப் போகும்.

பவளப்பாறை ஆய்வாளர்கள் வேறொரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். விலங்கியல் மாணவர்கள் கவனிக்கவும். நீர் புகாத பைக்குள் ஜி.பி.எஸ். கருவியை வைத்து, மிதவையில் கட்டி, கயிற்றால் தன்னோடு இழுத்துக்கொண்டே கீழே நீந்திப் படம் எடுப்பார்கள். மேலே கருவி நொடிக்கு நொடி இடத்தைக் குறிக்கும். கீழே காமிரா நேரத்தைக் குறிக்கும். பிறகு இரண்டு நேரத்தையும் பொருத்தினால் ஒவ்வொரு படத்துக்கும் இடம் கிடைத்துவிடும். கயிறு சாய்ந்தால் சில மீட்டர் தள்ளிப் போகலாம், அவ்வளவே. ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: தண்ணீரில் இறங்குமுன் ஜி.பி.எஸ். திரையில் தெரியும் மணியைக் காமிராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் படம் இல்லாவிட்டால், மற்ற நூற்றுக்கணக்கான படங்களும் கடலில் எங்கேயோ எடுத்தவைதான்.