ஒரே எண், வேறு வேறு எழுத்து

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழைக் காணலாம். பலகையில் எழுதிய 'க' எவர் கண்ணுக்கும் 'க'தான். கணினியின் கதை வேறு. அது எழுத்தின் உருவத்தை நினைவில் வைப்பதில்லை. எழுத்துக்கு உரிய ஓர் எண்ணையே வைத்துக்கொள்கிறது.

நம் தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். 5ஆம் நம்பர் வீடு என்றால் இங்கே ஒரு குடும்பம். அடுத்த தோட்டத்தில் அதே நம்பரில் வேறொரு குடும்பம். தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நம்பரை மட்டும் எழுதித் தபாலில் போட்டால் என்ன ஆகும்? 1990களில் கணினித் தமிழுக்கு நேர்ந்தது அதுவே.

அன்று எழுத்துகளுக்குக் கிடைத்த இடங்கள் 256. அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போயின. மீதியில் நம் 247 எழுத்துகள் அடங்குமா? ஆகவே கொம்பு, கால் என்று துண்டு துண்டாக வைத்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் போக்கில் முடிவு செய்தனர். சிங்கப்பூரில் தட்டிய கடிதத்தை ஈப்போவில் வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான்.

இது தமிழுக்கு மட்டும் வந்த தொல்லையன்று. 1964இல் அமெரிக்காவில் பிறந்த 'பேசிக்' என்ற கணினி மொழியில், சில நிறுவனங்களின் வடிவத்தில் கூட்டல் குறி சொற்களையும் ஒட்டும். சிலவற்றில் எண்களை மட்டுமே கூட்டும், சொற்களை ஒட்ட வேறு குறி வேண்டும்.

சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை ஆக்கியவர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். இப்படிப் பல முறைகள் பெருகிய நிலையில், கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். பின்னர் பல நாட்டு ஆர்வலர்கள் 'திஸ்கி' என்ற வரிசையை வகுத்தனர். 1999இல் சென்னை மாநாடு 'டாம்', 'டாப்' என்று இரண்டைத் தந்தது. பல வரிசைகளை ஒன்றாக்கக் கூடி, மேலும் மூன்றைப் பெற்றோம்! கோவிந்தசாமி அதே ஆண்டில் மறைந்தார்.

உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் 'யூனிகோடு' 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 2010இல்.

பழைய கோப்புகளை மாற்றித்தரும் மென்பொருள்கள் இன்று உண்டு. எழுத்துருவின் பெயர் தெரியாத கோப்பையோ, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.