முத்துக்கரையில் மழலையர் காவல்

முத்துக் குளிப்பைப் பற்றிப் பேசும்போது கடலடியில் மூழ்கியவனையே நாம் நினைக்கிறோம். தோணியின் மேல் நின்று அவனது கயிற்றைப் பிடித்திருந்தவனை நினைப்பதில்லை. கீழிருப்பவன் கயிற்றை அசைத்தவுடன் அவனை இழுத்தெடுக்க வேண்டியவன் அவனே. அவன் கவனம் சற்றுச் சிதறினால் ஓர் உயிர் போய்விடும். நம் கடலில் அந்தத் தொழில் 1961-ஆம் ஆண்டுக் குளிப்போடு நின்றுபோயிற்று. ஆனால் ஓர் உயிரை மற்றொருவர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் நிற்கவில்லை. உப்பளத்துக்கு விடியுமுன் புறப்படும் தாய், தன் மழலையை யாரிடமோ விட்டுத்தான் செல்கிறாள். அக்குழந்தையோ கயிற்றை அசைத்துக் காட்டவும் அறியாதது. அத்தகைய சிறாருக்கு என்னென்ன காவல் எழுந்தது என்பதை வரலாற்றின் வழியே எண்ணிப் பார்ப்பது தகும்.

புனித சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தபோது முதலில் நாடியது சிறுவரையே. அவர்களுக்கு மன்றாட்டுகளைக் கற்பித்தார். நோயாளிகளின் இல்லங்களுக்கு அவர்களையே அனுப்பினார். போர்த்துக்கல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென இந்த முத்துக்கரையின் வருவாயிலிருந்து ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் சிறுவர்க்குக் கற்பிப்போரின் ஊதியத்துக்குத் தரும்படி அரசியிடமே அவர் வேண்டினார். 1544-இல் வடுகர் படை தாக்கியபோது, குமரி முனையில் பசியும் தாகமுமாய்த் தவித்த மக்களுக்குத் தோணிகளில் உணவு கொண்டு செல்ல முயன்றார். எனினும், இடுப்பை விட்டு இறங்காத குழந்தைகள் அக்காலத்தில் வீட்டின் பொறுப்பாகவே இருந்தனர். பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டனர்.

அந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது ஆலைச் சங்கு. 1888-இல் தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் நூலாலை எழுந்தது. நேரம் தவறாமல் ஆலைக்குள் நுழைய வேண்டிய பெண்ணுக்குப் பிள்ளையின் பசி நேரம் ஒரு பொருட்டாக இருக்க இயலாது. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்றது. 1891-இல் அவ்வயது ஒன்பதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. ஆக, உழைக்கும் சிறுவனைச் சட்டம் சிறிது சிறிதாகக் கண்டுகொண்டது. உழைக்கும் தாயின் கைக்குழந்தையை அது இன்னும் காணவில்லை. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்கக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வையும் வார ஓய்வையும் பெற்றுத் தந்தது. அந்த ஓய்வு நாளில் தாய் தன் பிள்ளையோடு இருந்தாள். மற்ற நாள்களுக்கு விடை கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு விடை தேடியது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பறை வேண்டும் என்றது. அவ்வறையில் வெளிச்சமும் காற்றும் தூய்மையும், பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பும் இருக்க வேண்டும் எனவும் விதித்தது. 1976-இல் ஐம்பது என்பது முப்பதாகக் குறைந்தது. இதற்கிடையே 1961-இல், கூரையற்ற வெளியாயினும் உப்பளமும் தொழிற்சாலையே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உப்பை நம்பி வாழும் நமக்கு அது பெரிய செய்தி. எனினும் தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதாது. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவிலுள்ள வரப்பில் துணித் தொட்டில் கட்டும் தாயிடம் அது வந்து சேரவும் வேண்டும்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, இரண்டு வயது முதலான மழலையரையும் பந்தியில் அமர்த்தியது. பசி தீர்ப்பதே அக்காலத்தின் முதற் கவலை, அது முறையுமாகும். ஆனால் உணவு கிடைத்தால் குழந்தை காப்புற்றது என்று நாடே எண்ணியிருந்த வேளையில், 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூரையில் பற்றிய தீ 94 சிறாரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளும் குறுகிய படிகளும் பூட்டிய கதவுகளும் நம் கண்ணில் பட்டன.

தீ கண்ணுக்குத் தெரியும். வேறொரு தீங்கு தெரியாது. அது நம்பிக்கைக்குரியவர் வடிவிலேயே வரும். 2012-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) இதனை வெளிப்படையாகச் சொல்லிற்று. கல்வி அல்லது சமய நிறுவனத்தைச் சேர்ந்தவரே அங்குள்ள குழந்தைக்குத் தீங்கிழைத்தால் அது கடுங்குற்றம். அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதிருப்பதும் குற்றம். திருச்சபையும் பல நாடுகளில் தன் இல்லங்களுக்குள்ளேயே நேர்ந்த தீமையை வேதனையோடு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் சிறார் பாதுகாப்புக்கென ஓர் ஆணையம் அமைத்தார். 2019-இல், அறிந்ததை முறைப்படி தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியர்க்கும் கட்டாயம் என்றார். நிறுவனத்தின் பெயரைக் காப்பதற்காகக் குழந்தையின் துயரை மறைப்பது அறமன்று என்பதே இதன் பொருள்.

அன்பு இருக்க விதி எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அன்பு பாட்டியிடமும் இருந்தது. ஆயினும் மூடாத கிணறும் இறக்கி வைத்த கொதிகலமும் அன்பை அறியா. பால்வாடிக்கும் பங்கின் மழலையர் பள்ளிக்கும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறியலாம். மாலையில் பிள்ளையை யார் கையில் கொடுப்பார்கள்? யாரும் காணாத அறையில் ஒருவர் மட்டும் குழந்தையோடு இருக்க நேருமா? பணிக்கு எடுக்குமுன் அவரைப் பற்றி விசாரித்தார்களா? இக்கேள்விகள் ஆசிரியைக்கு அவமதிப்பு அல்ல. நேர்மையாய் உழைக்கும் ஆசிரியைக்கும் அவை பாதுகாப்பே. ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கத் தயங்கவும் வேண்டாம்.

முந்நூறு கல் தொலைவிலும் சட்டம் எழுதலாம். கயிற்றைப் பிடிப்பவர் தோணியில் இருந்தாக வேண்டும். நம் தெருவின் பால்வாடி வாசலில் அவ்வப்போது நின்று உள்ளே பார்ப்பதை நாம் இம்மாதமே தொடங்கலாமே.