பெருங்குடல் புற்றுநோயும் வளர்ச்சிக் காரணிச் சமிக்ஞையும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுக்கும் மருந்து 2004இல் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தது. அது எந்நோயாளிக்குப் பயன்படும் என்பது பின்னரே தெளிவுற்றது. இத்தாமதத்தின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெருங்குடல் புற்றுநோய், வளர்ச்சிக் காரணி, ஏற்பி, ராஸ் மரபணு, செட்டுக்சிமாப்.

முன்னுரை

குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் புரதங்களுள் ஒன்று மேற்தோல் வளர்ச்சிக் காரணி. அத்தூண்டல் அடங்காது தொடர்வது புற்று வளர்வதற்குத் துணைசெய்கிறது.

காரணியும் ஏற்பியும்

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். அவற்றின் கண்கள் உரிய காலத்திற்கு முன்னரே திறந்தன. பற்களும் முன்னரே முளைத்தன. இதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். 1986இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1980களின் தொடக்கத்தில் ஜான் மெண்டல்சோன், கார்டன் சாட்டோ ஆகியோர் சான் டியேகோவில் இக்காரணியின் ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கினர். அதன் வழிவந்த செட்டுக்சிமாப் 2004 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

இணையாத இரு தடங்கள்

கட்டியில் ஏற்பி காணப்படும் நோயாளிக்கே இம்மருந்து உரியது என்பது அவ்வொப்புதலின் வரையறை. ஆயினும் ஏற்பியின் அளவு மருந்தின் பயனை முன்னறிவிக்கவில்லை. இதற்கான விடையின் ஒரு பகுதி வேறொரு தடத்தில் முன்னரே கிடைத்திருந்தது. பெருங்குடல் கட்டிகளில் ராஸ் மரபணுப் பிறழ்வு மிகுதியாக உள்ளதை 1987இல் 'நேச்சர்' இதழில் வெளியான இரு கட்டுரைகள் காட்டின. ராஸ் புரதம் ஏற்பிக்குக் கீழே நின்று சமிக்ஞையைக் கடத்துவது. அது பிறழ்ந்து தானே இயங்கும்போது மேலே உள்ள ஏற்பியை அடைப்பதால் பயனில்லை. மடையை அடைத்த பின்னும் வாய்க்காலுக்குள்ளேயே ஊற்றெடுத்தால் நீர் நிற்பதில்லை.

இவ்விரு தடங்களையும் 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் இணைத்துக் காட்டினர். 2008இல் கராபெட்டிஸ் குழுவினர் ஆராய்ந்த 394 கட்டிகளில் 42.3 விழுக்காட்டில் கே-ராஸ் பிறழ்வு இருந்தது. பிறழ்வற்றோரின் இடைநிலை வாழ்நாள் மருந்தால் 4.8 மாதங்களிலிருந்து 9.5 மாதங்களாக உயர்ந்தது; பிறழ்வுற்றோருக்குப் பயன் இல்லை.

முடிவுரை

2009இல் மருந்தின் பயன்பாட்டு வரையறை திருத்தப்பட்டது. அதுவரை பிறழ்வுற்ற நோயாளிகள் தோல் வெடிப்பு முதலிய துன்பங்களைப் பயனின்றியே ஏற்றனர். ராஸ் பற்றிய அறிவு இல்லாமையைவிட, இருந்த அறிவு சிகிச்சையோடு இணையாமையே இத்தாமதத்திற்குக் காரணம் எனலாம். ஏற்பியின் இருப்பைச் சமிக்ஞையின் போக்காகக் கருதியதே அவ்விணைப்பைத் தடுத்தது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.