ஒரே சிட்டை, பல கைகள்: பாதுகாப்பான இணைய அமர்வுகளின் கதை

தமிழில் ஏலம் என்றால் ஏலக்காயும் தான், ஏலம் விடுவதும் தான். போடிநாயக்கனூரில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது! ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களில் இருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பறித்த காய், ஸ்டோரில் உலர்ந்து, மூட்டையாகி, போடி ஏல அரங்குக்கோ கேரளப் பக்கம் புற்றடிக்கோ வந்து சேரும். முன்பெல்லாம் வியாபாரிகள் வாய்விட்டு விலை கேட்பார்கள். 2007ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. 2021ல் போடி, புற்றடி இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் கேட்கலாம் என்று ஆனது.

யோசித்துப் பாருங்கள். ஒரே குவியலுக்குப் பல பேர் ஒரே நொடியில் விலை கேட்கிறார்கள். இப்படிப்பட்ட எந்த வேலையிலும் பின்னால் இருக்கும் சர்வர் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். ஒன்று, ஒவ்வொருவர் பேச்சும் ரகசியமாக வர வேண்டும், ஒருவர் பெயரில் இன்னொருவர் பேசக் கூடாது. இரண்டு, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டும். தனித்தனியாக இரண்டுக்கும் 1990களிலேயே வழி கிடைத்து விட்டது. இரண்டையும் சேர்த்த இடத்தில் தான் சிக்கல். அந்தச் சிக்கல் போடியில் நடந்தது அல்ல. உலகத்தில் ஏராளமான சர்வர்கள் பயன்படுத்திய ஒரு பொதுவான மென்பொருளில் நடந்தது.

முதலில் ரகசியம். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995ல் எஸ்எஸ்எல் என்ற முறையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது (முதல் பதிப்பு வெளியே வரவே இல்லை). 1996ல் மூன்றாம் பதிப்பு. 1999ல் அதுவே டிஎல்எஸ் என்று பெயர் மாறியது. உலாவியும் சர்வரும் முதலில் "கைகுலுக்கி" ஒரு ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும். இந்தக் கைகுலுக்கலில் பெரிய பெரிய எண்களைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது பெரும் பாரம். ஒரு பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் பத்து முறை கைகுலுக்குவதா? அதனால் நெட்ஸ்கேப்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். முதல் முறை ஒப்புக்கொண்ட விவரத்தை ஒரு சிட்டை மாதிரி எழுதி வைத்துக் கொள்வது, அடுத்த முறை சிட்டை எண்ணைக் காட்டினால் கணக்கு இல்லாமலே உள்ளே விடுவது. இந்தச் சிட்டைக்குத் தான் செஷன், தமிழில் அமர்வு என்று பெயர். ஒரே அமர்வைப் பல இணைப்புகள் பகிர்ந்து கொள்ளலாம். இதை மறந்து விடாதீர்கள், மீதிக் கதை முழுக்க இதில் தான் இருக்கிறது.

இனி, பல பேருக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்வது. பழைய வழியில், வருகிற ஒவ்வொருவருக்கும் தனி புராசஸ். தனித்தனி வீடு மாதிரி, ஒரு வீட்டு அடுப்பை இன்னொரு வீட்டார் தொட முடியாது. நினைவகம் அதிகம் செலவாகும். இன்னொரு வழி திரெட் எனப்படும் இழை. ஒரே வீட்டுக்குள் பல பேர், ஒரே அடுப்பு. சிக்கனம் தான், ஆனால் இரண்டு பேர் ஒரே பாத்திரத்தில் கை வைத்தால்? அதற்காகப் பூட்டு என்ற ஏற்பாடு உண்டு. ஒரு இழை பூட்டைப் பிடித்திருக்கும் வரை மற்றவை வாசலில் காத்திருக்கும்.

1995ல் ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் எஸ்எஸ்எல் முறையை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி எஸ்எஸ்எல்ஈ என்ற பெயரில் எழுதினார்கள். 1998 டிசம்பரில் அதில் இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் பிறந்தது. அந்த நாளில் விண்டோஸின் இழைகள் ஒரு விதம், யூனிக்ஸின் இழைகள் வேறு விதம். அதனால் அந்த நூலகம் பூட்டுகளைத் தானே செய்து கொள்ளவில்லை. "எனக்குச் சுமார் 40 பூட்டு தேவை, எப்படிப் பூட்டுவது என்று நீங்களே ஒரு செயற்கூறு எழுதித் தாருங்கள்" என்று அதைப் பயன்படுத்தும் நிரலரிடம் விட்டு விட்டது. அன்றைக்கு நியாயமான முடிவு தான். ஆனால் நிரலர் மறந்து போனால் நூலகம் எந்த எச்சரிக்கையும் தராது. பூட்டே இல்லாமல் ஓடும். கூட்டம் குறைவான நாளில் எல்லாம் சரியாக இருக்கும், கூட்டம் கூடியதும் காரணம் தெரியாமல் விழும். சோதித்துப் பார்த்தவர் கணினியில் மட்டும் எப்போதும் நன்றாக ஓடும்!

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு இணைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இழைகள் தொடக் கூடாது. இதை நிரலர்கள் ஓரளவு கற்றுக் கொண்டார்கள். இணைப்பு தனித்தனியாக இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் இரண்டு தனி இணைப்புகளுக்கு அடியில் ஒரே சிட்டை இருக்கலாம் அல்லவா?

2010 நவம்பரில் அது வெளியே வந்தது. உலாவி தான் தேடி வந்த தளத்தின் பெயரைச் சொல்லும், சர்வர் அதை அமர்வில் குறித்து வைக்கும். இதை இப்படிக் கற்பனை செய்யலாம். ஒரே சிட்டை, இரண்டு கணக்குப்பிள்ளைகள். பெயருக்கான இடம் காலியா என்று முதலாமவர் பார்க்கிறார். காலி. தன்னிடம் உள்ள நீளமான பெயருக்கு ஏற்ப ஒரு தாள் ஒட்டுகிறார். அவர் எழுதும் முன் இரண்டாமவர் வருகிறார். அவர் கண்ணுக்கும் சற்று முன் காலியாகத் தெரிந்த இடம் தான், அதனால் தன் சின்னப் பெயருக்கு ஏற்ற சின்னத் தாளை மேலே ஒட்டி விடுகிறார். முதலாமவர் திரும்பி வந்து நீளமான பெயரை அந்தச் சின்னத் தாளில் எழுதுகிறார். மை பக்கத்துக் கட்டத்தில் வழிகிறது. கணினியில் பக்கத்துக் கட்டம் என்பது வேறொரு தகவல் இருக்கும் நினைவகம். சர்வர் விழலாம், மோசமானால் தாக்குபவர் தன் கட்டளையையே அங்கே எழுதலாம்.

இழைகளோடு, நூலகத்தின் உள் அமர்வுச் சேமிப்பையும் பயன்படுத்திய சர்வர்களுக்குத் தான் இந்த ஆபத்து. அபாச்சி சர்வருக்கு இல்லை என்று ஓப்பன்எஸ்எஸ்எல் அறிக்கையே சொன்னது. வேடிக்கை என்னவென்றால், திருத்தம் புதிதாக ஒரு பூட்டு போடவில்லை. பழைய சிட்டையைக் காட்டி வருபவருக்காக அந்தச் சிட்டையில் எதையும் எழுதாதே, அவ்வளவு தான்.

பாடம் படித்தார்களா? 2014 ஆகஸ்டில் அதே ஜாதித் தவறு மறுபடி கிடைத்தது. இம்முறை உலாவி போன்ற பயனர் பக்கத்தில். பழைய அமர்வோடு திரும்பி வரும் பல இழை நிரலை, கெட்ட எண்ணம் கொண்ட சர்வர், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் 255 பைட் வரை எழுத வைக்கலாம். அதே வருடம் ஏப்ரலில் வந்த ஹார்ட்பிளீட் பற்றி உலகம் முழுக்கப் பேசினார்கள், இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2015 ஜூனில் மூன்றாவது முறை: சர்வர் புதுச் சிட்டை அனுப்பும் போது பழையதைத் தூக்கி எறியும் வேலையை இரண்டு இழைகள் சேர்ந்து செய்து, ஒரே நினைவகத்தை இருமுறை விடுவித்தன. இதற்கான திருத்தம் அழகானது. புது விவரம் வந்தால் பகிர்ந்த அமர்வைத் தொடாதே, ஒரு நகல் எடுத்து அதில் எழுது. பழையதை வைத்திருப்பவர் பழையதையே வைத்திருக்கட்டும்.

ஐந்து வருடத்தில் மூன்று முறை. எழுதியவர்கள் அறிவாளிகள் இல்லை என்பதல்ல. பூட்டு எங்கே போடுவது என்று தேடிக் கொண்டிருந்த போது, எழுதவே கூடாத இடத்தில் எழுதிக் கொண்டிருந்தது கண்ணில் படவில்லை.

2016 ஆகஸ்டில் வந்த 1.1.0 பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் பூட்டுகளைத் தானே பார்த்துக் கொள்ள ஆரம்பித்தது. நிரலர் செயற்கூறு எழுதித் தரும் பழைய முறை போயிற்று. இருபது வருடம் தாமதம் என்று திட்டலாம், திட்டினார்கள். ஆனால் ஒரு இணைப்பை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. அதை நூலகம் பார்த்துக் கொள்ளாது.

2018ல் டிஎல்எஸ் 1.3 வந்தது. ஒரு சிட்டையைப் பல இணைப்புக்குக் காட்ட வேண்டாம் என்று அது பரிந்துரைக்கிறது. காரணம் இழைகள் அல்ல, ஒரே சிட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் வழியில் கவனிப்பவர் ஆளை அடையாளம் கண்டு விடுவார் என்பது தான். ஆனாலும் சிட்டைக்கு ஒரு கை என்று பழக்கம் மாறியது. அதனால் அதே வருடம் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, முழுக் கைகுலுக்கல் முடிந்ததும் வழக்கமாக ஒன்றுக்குப் பதில் இரண்டு சிட்டைகளைக் கொடுத்து அனுப்புகிறது.