மங்கிய கண்ணில் எடுத்த முத்து

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி. ஒருநாள் அவைக்குப் போனபோது மன்னர் முன் முத்துக்கள் குவிந்திருந்தன. அருகில் இருந்தவர்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மன்னர் சில முத்துக்களைக் கையில் எடுத்து, பாரசீக வளைகுடாத் தீவுகளிலும் இப்படி உண்டா என்று கேட்டார். இவ்வளவு நல்லவற்றை அங்கே கண்டதில்லை என்று பயணி பதில் சொன்னார்.

மன்னார்க் கடலின் முத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் குளிப்பவரின் மூச்சைத்தான் வியந்தார்கள். எத்தனை பாகம் ஆழம், எத்தனை நொடி, எத்தனை சிப்பி என்ற கணக்கு எல்லா நூல்களிலும் உண்டு. ஆனால் இந்தத் தொழில் மூச்சை நம்பி நின்ற அளவுக்குக் கண்ணையும் நம்பி நின்றது. அந்தக் கண் கடலடியில் பாதிப் பார்வையோடும், கரையில் வயதோடும் போராடிய கண்.

மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இலும் ஒல்லாந்தர் 1658இலும் பிரித்தானியர் 1795இலும் கைப்பற்றினார்கள். கொடி மாறினாலும் பார் மாறவில்லை. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு நேரே, கடலுக்குள் பல மைல் தொலைவில், சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளே முத்துப்பார்கள். பார் விளைந்த ஆண்டில் மட்டும் குளிப்பு. அந்தச் சில வாரங்களுக்கு வெறும் மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, இராமேஸ்வரம், யாழ்ப்பாணம் எனப் பல ஊர்களிலிருந்தும் குளிப்பவர்கள் வந்தார்கள், அரபுநாட்டாரும் வந்தார்கள். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் குளிப்பைக் கண்காணிக்க அரிப்பில் 1801 முதல் 1804 வரை ஒரு மாளிகையே கட்டினார். அதன் இடிபாடுகளை இன்று அலை அரித்துக்கொண்டிருக்கிறது.

நள்ளிரவுக்கு முன் வெடிச் சத்தம் கேட்டதும் படகுகள் கரைக்காற்றில் புறப்படும். விடியும்போது பாருக்கு மேலே நிற்கும். 1804ஆம் ஆண்டுக் குளிப்பை நேரில் கண்ட ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் தன் நூலில் எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு படகில் பத்துக் குளிப்பவர்கள். அவர்களுக்குக் கயிறு பிடிக்க ஆட்கள். குளிப்பவர் கல்லில் காலை ஊன்றி, வலைக்கூடையைப் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். அரபுநாட்டார் கொம்பில் செய்த இடுக்கியால் மூக்கை அடைத்தார்கள். அடியில் ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோ. அதற்குள் கைக்கு எட்டியதையெல்லாம் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்ன பார்த்தார்?

அதிகம் பார்க்கவில்லை. மனிதக் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செய்வது வெளிப்புறத்துக் கருவிழிப்படலம். காற்றிலிருந்து ஒளி அதற்குள் நுழையும்போதுதான் நன்றாக வளையும். படலமும் தண்ணீரும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்டவை. ஆகவே தண்ணீருக்குள் கண்ணைத் திறந்ததும் அந்தப் படலம் இல்லாதது போலாகிவிடுகிறது. மருத்துவர் கணக்கில் சொன்னால், நல்ல கண்ணும் அந்த நொடியில் நாற்பது டயாப்டருக்கு மேல் குறைபடுகிறது. கரையில் அப்படி ஒருவர் இருந்தால் தட்டித் தடவித்தான் நடப்பார். கடலடியில் குளிப்பவர் செய்ததும் அதுதான். பாறை கருமையாகத் தெரியும், மணல் வெளுப்பாகத் தெரியும். சிப்பி எது, கல் எது என்பதை விரல் சொன்னது. சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பாறையில் ஒட்டி வளர்வதால்தான் அந்தப் பார்வையோடு தொழில் நடந்தது. இடம் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது.

அரிப்பில் மாளிகைக்கு அடித்தளம் போட்ட அதே 1801இல், இலண்டனில் தாமஸ் யங் என்ற இளம் மருத்துவர் இதையே ஆய்வாகச் செய்து வெளியிட்டார். சிறு குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் ஒரு முனையில் வில்லையைப் பொருத்தி, மறுமுனையைத் தன் விழிமேல் வைத்துப் பார்த்தார். படலத்தின் வேலை நின்றுபோனது. குழாயின் வில்லை அதை ஈடுசெய்தது. அருகில் பார்க்கக் கண் தன்னை மாற்றிக்கொள்வது உள்ளே உள்ள வில்லையால்தான் என்று அவர் இதன்மூலம் காட்டினார். இன்று கோடிக்கணக்கானோர் விழியில் ஒட்டிக்கொள்ளும் காண்டாக்ட் லென்சின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் குழாயையும் தவறாமல் சொல்கிறார்கள். மன்னாரில் நூற்றுக்கணக்கானோரின் விழிகளில் நாள்தோறும் நடந்ததை, யாரும் கவனித்து எழுதாததை, அவர் தன் ஒரு கண்ணில் செய்து பார்த்தார்.

பழகினால் கண் கொஞ்சம் கற்றுக்கொள்ளும் என்பதற்கும் சான்று உண்டு. சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் தாய்லாந்துக் கடலோர மோக்கன் குழந்தைகளைச் சோதித்து, முடிவை 2003இல் வெளியிட்டார். ஐரோப்பியக் குழந்தைகளைவிட அவர்கள் தண்ணீருக்கடியில் இரு மடங்கு நுட்பமாகப் பார்த்தார்கள். பாவையை இயன்றவரை சுருக்கி, உள்வில்லையை முழு வலுவோடு திரட்டுவதே அவர்களின் வித்தை. பின்னர் சுவீடன் குழந்தைகளும் பயிற்சியால் அதைக் கற்றார்கள். தகப்பனுக்குப் பின் மகன் என்று குளித்த பாக்குநீரிணைக் குடும்பங்களுக்கும் இந்தப் பழக்கம் ஓரளவு வாய்த்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. இன்னொன்றும் உண்டு: கிட்டப்பார்வை உள்ளவருக்குத் தண்ணீருக்கடியில் ஏற்படும் குறை மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு. கரையில் தூரத்துப் பாய்மரம் தெரியாத கண் கடலடியில் ஒரு படி முன்னே நின்றது.

கண்ணாடி அணிந்து குளித்திருக்கலாமே என்று கேட்கலாம். இபுனு பதூதாவே பாரசீக வளைகுடாவில் குளிப்பவர்கள் ஆமையோட்டால் முகத்தை மூடிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். ஆனால் ஆழம் விடாது. பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். கண்ணைமட்டும் மூடிய கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று சுருங்கி விழியைப் பிடித்து இழுக்கும், வெண்விழியில் இரத்தம் கட்டும். ஜப்பானின் ஆமா பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடி அணியத் தொடங்கியபோது இதே தொல்லையைச் சந்தித்தார்கள். கண்ணாடியோடு காற்றுப்பை இணைத்தும், பிறகு மூக்கையும் சேர்த்து மூடியும்தான் அது தீர்ந்தது. மூக்கால் ஊதி உள்ளே காற்றை நிரப்பலாம் என்பதே இன்றைய மாஸ்க்கின் இரகசியம். மூக்கை விரலால் பொத்திக் குளித்த மன்னார்க் கடலில் அதற்கு வழியே இல்லை.

கரைக்கு வந்த சிப்பி கொட்டு என்னும் அடைப்புக்குள் எண்ணி வைக்கப்பட்டது. அரசின் பங்கு போக மிச்சம் குளித்தவர்களுக்கு. அரசு தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. வாங்கியவர் எதைப் பார்த்து வாங்கினார்? மூடிய சிப்பியை. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. ஒரே மாலையில் செல்வரானவரும் உண்டு, கடனாளியானவரும் உண்டு. 1905இல் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் இப்படிக் கரையேறின. மறு ஆண்டு பார்களைக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி, சிப்பியைத் திறக்காமலே உள்ளே பார்க்க எக்ஸ்ரே கதிரைக்கூடச் சோதித்தது. கதிர் முத்தைக் காட்டியது. ஆனால் 1907க்குப் பின் பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இல்லை.

திறந்து, அழுகவிட்டு, கழுவி எடுத்த முத்தில்தான் கண்ணின் முழு வேலை. அளவு பிரிக்கப் பத்துப் பித்தளைப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் இருபது துளை, கடைசியில் ஆயிரம். துளை கூடக்கூட முத்து சிறிது. பெட்டி அளவைத்தான் சொல்லும். உருட்சியையும் ஒளியையும் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். ஆணி, அணதாரி, மசங்கு, கலிப்பு, குறல், பீசல் என்று அடுக்கிய வகைகள் பகல் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பிரிக்கப்பட்டவை. ஆணிக்கும் அடுத்த வகைக்கும் இடையில் இருந்தது மயிரிழை வேறுபாடு. அந்த இழையில்தான் விலை. துளையிடுபவரின் கண்ணோ இன்னும் நெருக்கமானது. மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து, வில்லால் ஊசியைச் சுழற்றி, விரலால் நீர் தொட்டு விட்டுக்கொண்டே அவர் துளைத்தார்.

இந்த அறிவு வருவதற்கு இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதற்குள் நாற்பது வயது தாண்டும். உள்வில்லை விறைத்து, கிட்டத்தில் உள்ளது மங்கும். முத்தின் தரம் நன்றாகத் தெரியத் தொடங்கும் வயதில் முத்தே சரியாகத் தெரியாமல் போவது இந்தத் தொழிலின் கொடுமை. மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. 1520 வாக்கில் விசயநகரத்து வியாசராயர் கண்ணாடி வைத்து ஏடு படித்ததாக அவருடைய வரலாற்று நூல் சொல்கிறது. தஞ்சாவூருக்கு அருகே வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்துக் கண்ணாடி வில்லை செய்யும் கைத்தொழில் பிரித்தானியர் காலத்திலும் பேர்பெற்றிருந்தது.  கண்ணாடி எட்டாதவர்களில் ஒருவருக்கு மட்டும் இயற்கை சலுகை தந்தது. கிட்டப்பார்வைக்காரர் ஐம்பது வயதிலும் முத்தை மூக்கருகே கொண்டுவந்து வெறுங்கண்ணால் பிரிப்பார்.

1925இல் ஒரு குளிப்பு நடந்தது. 1958க்குப் பின் இலங்கைக் கரையில் பெருங்குளிப்பு இல்லை. சங்கும் கடலட்டையும்தான் இன்று மன்னார்க் கடலில் மனிதரை மூழ்க வைக்கின்றன. இவை பாறையில் கொத்தாக ஒட்டுபவை அல்ல. மணலில் சிதறிக் கிடப்பவை, பாதி புதைந்து நகர்பவை. தேடிக் கண்டால்தான் உண்டு. ஆகவே மாஸ்க் வந்தபோது சங்கு குளிப்பவருக்கு அது முழுக் கண்ணையே கொடுத்தது. எதிர்க்கரையில், பாம்பனில் பாசி எடுக்கும் பெண்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பார்வைக் குறைக்கு ஏற்ற வில்லை பதித்த மாஸ்க்கும் இப்போது கடையில் கிடைக்கிறது.

தட்டைக் கண்ணாடிக்கும் ஒரு குறும்பு உண்டு. அதன் வழியே பொருள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நான்கில் ஒரு பங்கு கிட்டவாகவும் தெரியும். இளஞ்சங்கை எடுக்கக் கூடாது என்று இரு கரைகளிலும் அளவு விதி உண்டு. அடியில் பார்க்கும் கண்ணுக்கு இளஞ்சங்கும் முற்றியதாகவே தெரியும். தூத்துக்குடியில் அந்த அளவு விதிக்காக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். மேலே வந்த சங்கை அதில் விட்டுப் பார்ப்பார்கள், வளையத்துக்குள் நுழைந்து விழுந்ததைக் கடலுக்கே திருப்பி விடுவார்கள்.